பிரிட்டன் தடுப்பு முகாமிலிருந்து பிணையில் வெளியே வருவது எப்படி

குடிவரவு அலுவலகத்தில் சைன் பண்ணப் போன இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று போன் வந்தால், வீட்டில் முதலில் தேடுவது அகதி கேஸின் பழைய பைலைத்தான். அது பிறகு வேண்டியிருக்கும். ஆனால் பிணை கேட்கும் அன்று, இவர் அகதியா இல்லையா என்பதை நீதிபதி தீர்மானிக்கப் போவதில்லை. வெளியே விட்டால் சொன்ன முகவரியில் இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா, இன்றைய தேதியில் இவரை உள்ளே வைத்திருக்க ஹோம் ஆபீஸிடம் (குடிவரவைக் கையாளும் உள்துறை அமைச்சு) நியாயமான காரணம் உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார். திரட்டும் காகிதமும் தேடும் ஆளும் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தால் போதும்.

இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் பெரும்பாலும் ஒன்றே. லீகல் எய்ட் (அரசு செலவில் கிடைக்கும் சட்ட உதவி) மாதிரி சில விஷயங்கள் மாறும். 2018 ஜனவரி 15 முதல், விசா இல்லாமல் வெளியே இருப்பவருக்கும் முகாமிலிருந்து விடப்படுபவருக்கும் ‘இமிக்ரேஷன் பெயில்’ என்ற ஒரே பெயர்தான். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 10ஆம் அட்டவணை இதற்கு அடிப்படை.

பெரியவர்களை இத்தனை நாள்தான் அடைத்து வைக்கலாம் என்ற பொதுவான உச்சவரம்பு பிரிட்டனில் இல்லை. அதற்குப் பதிலாக நீதிமன்றம் போட்ட வரம்பு ஒன்று உண்டு. 1983இல் ஹர்தியல் சிங் என்ற இந்தியரின் வழக்கில் வந்த தீர்ப்பு அது: நாடுகடத்துவதற்காக மட்டுமே அடைத்து வைக்கலாம், நியாயமான காலத்துக்கு மட்டுமே வைக்கலாம், அந்தக் காலத்துக்குள் அனுப்ப முடியாது என்று தெரிந்துவிட்டால் விட்டுவிட வேண்டும், அனுப்பும் வேலையை ஹோம் ஆபீஸ் சுறுசுறுப்பாகச் செய்ய வேண்டும். பின்னாளில் வந்த சட்டங்கள் இதை ஹோம் ஆபீஸ் பக்கம் கொஞ்சம் சாய்த்திருக்கின்றன. இருந்தாலும் பிணை விண்ணப்பங்கள் இன்றும் இந்த நாலு புள்ளிகளைச் சுற்றியே எழுதப்படுகின்றன.

முதல் இரண்டு நாள்

கேமரா உள்ள ஸ்மார்ட்போனை முகாமுக்குள் வைத்திருக்க விடமாட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, பட்டன் போன் ஒன்று தருவார்கள். எல்லா நம்பரும் அந்த ஸ்மார்ட்போனில்தான் இருக்கும். ஒப்படைப்பதற்கு முன், வீட்டு நம்பர், சொலிசிட்டர் நம்பர், பிணை நிற்கக்கூடிய இரண்டு பேரின் நம்பர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, வெளியுலகத் தொடர்பே இல்லாமல் ஒரு வாரம் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

வெளியே இருப்பவர்கள் மூன்று விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்: ஹோம் ஆபீஸ் கடிதத்தில் உள்ள எழுத்துக்கூட்டலில் முழுப்பெயர், பிறந்த தேதி, கடிதத்தின் மேலே இருக்கும் ஹோம் ஆபீஸ் ரெஃபரன்ஸ் நம்பர். நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் ஒரு கடிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வரும். எல்லாப் படிவத்திலும் ஹோம் ஆபீஸ் வைத்திருக்கும் பெயரையே எழுதுங்கள். வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால் பக்கத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பம் ஒரு பைலிலும் ஆள் இன்னொரு பைலிலுமாகக் கிடக்கும்.

ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் அடிக்கடி உறுதிசெய்ய வேண்டும். ஹீத்ரோ பக்கம் ஹார்மண்ட்ஸ்வொர்த், கோல்ன்புரூக், கேட்விக் பக்கம் புரூக் ஹவுஸ், டின்ஸ்லி ஹவுஸ், பெட்ஃபோர்டுக்கு அருகே யார்ல்ஸ் வுட், டர்ஹம் பக்கம் டெர்வென்ட்சைட், ஸ்கொட்லாந்தில் டங்கேவல் என்று பல முகாம்கள் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வழக்கமான விஷயம். மாற்றும்போது காகிதங்கள் பெட்டியோடு போய், ஆள் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். முக்கியமான தாள்களைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைது செய்தபோது கொடுத்த தாள்களில் ஐ.எஸ்.91ஆர் என்று ஒன்று இருக்கும். ஏன் அடைத்தோம் என்பதற்கான காரணங்கள் அதில் பெட்டி பெட்டியாக இருக்கும். பொருந்துவதில் டிக் போட்டிருப்பார்கள். நெருங்கிய உறவு இங்கே போதாது, முன்பு நிபந்தனையை மீறினார், அடையாளத்துக்குத் திருப்தியான ஆதாரம் தரவில்லை, விரைவில் நாடுகடத்தப் போகிறோம் என்பதெல்லாம் வழக்கமாக டிக் விழும் வரிகள். பிணை விண்ணப்பத்துக்கான கேள்வித்தாள் இதுதான். ஒவ்வொரு டிக்குக்கும் எதிரே உங்களிடம் என்ன பதில் காகிதம் இருக்கிறது என்று அன்றைக்கே எழுதிப் பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை முன்னேற்ற அறிக்கை என்று ஒரு கடிதம் வரும். அதையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதக் கடிதங்களில் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்திருந்தால், ஹோம் ஆபீஸ் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

டாக்டரைப் பார்க்காமல் விடக்கூடாது

முகாமுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுத் தடுப்பு முகாம் விதிகளின் 34ஆம் விதி சொல்கிறது. பலர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேர்ந்த களைப்பில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ‘வேண்டாம்’ பதிவேட்டில் ஏறிவிடும். மறுத்திருந்தாலும் மறுநாள் போய்த் திரும்பக் கேட்கலாம்.

இதற்கு அடுத்த 35ஆம் விதிதான் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு முக்கியம். இலங்கையில் இராணுவத்திடமோ பொலிஸிடமோ அடிவாங்கியவர்கள், காம்பில் இருந்தவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும் பாலியல் வதைக்கு ஆளானவர்கள், ‘ரூல் 35 ரிப்போர்ட் வேண்டும்’ என்று அந்தப் பெயரைச் சொல்லியே எழுத்தில் கேட்க வேண்டும். தலையிடி, நித்திரை இல்லை என்று மட்டும் சொன்னால் பனடோலோடு அனுப்பிவிடுவார்கள். எப்போது, எங்கே, எதனால் அடித்தார்கள், உடம்பில் எந்த இடத்தில் தழும்பு, இப்போது அடைபட்டிருப்பது அதை எப்படிக் கிளறுகிறது என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண் டாக்டர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். கூட இருக்கும் கைதியை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு முக்கியமானதை விழுங்கிவிடுவீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரே ஒரு பகுதியை முதலில் பாருங்கள்: தொடர்ந்து அடைத்து வைத்தால் உடல்நிலைக்கு என்ன ஆகும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா? தழும்புகளை விவரித்துவிட்டு இந்தப் பகுதியை வெறுமையாகவோ ‘இப்போதைக்குப் பரவாயில்லை’ என்றோ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஹோம் ஆபீஸ் ஆட்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. நீங்களே சொன்னது மட்டும் இருந்தால் முதல் நிலை. டாக்டர் போன்ற ஒருவரின் ஆதாரம் இருந்தால் இரண்டாம் நிலை. தடுப்பு தீங்கு செய்யும் என்றும் அந்த ஆதாரம் சொன்னால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் உள்ளவரை உள்ளே வைத்திருப்பது ஹோம் ஆபீஸுக்குக் கடினம். ஆகவே அந்த ஒரு வரி இல்லை என்றால் டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டுக்கு ஹோம் ஆபீஸ் இரண்டு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘தடுப்பைத் தொடர்கிறோம்’ என்று பதில் வந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம்; அந்த ரிப்போர்ட் அப்படியே பிணை நீதிபதியின் கைக்குப் போகும்.

இந்தப் பாதுகாப்பு தாளில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. புரூக் ஹவுஸில் நடந்த வன்முறையை விசாரித்த பொது விசாரணைக் குழு, 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் 35ஆம் விதி முறையாகச் செயல்படவில்லை என்று விரிவாகவே எழுதியது. முகாம் டாக்டர் கைவிட்டால் மெடிக்கல் ஜஸ்டிஸ் என்ற தொண்டு அமைப்பு வெளி டாக்டர்களை ஏற்பாடு செய்ய முயலும். தழும்பு பற்றிய வெளி மருத்துவ அறிக்கைக்கு 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கே.வி. என்று மட்டும் குறிக்கப்படும் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் நல்ல எடை கொடுத்திருக்கிறது. தழும்பு எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் கருத்துச் சொல்லலாம் என்பது அந்தத் தீர்ப்பு. சிறையில் குடிவரவுக்காக அடைக்கப்பட்டவர்களுக்கு இந்த 35ஆம் விதி கிடையாது; அவர்கள் சிறை மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வழக்கறிஞர்

முகாம்களில் லீகல் எய்ட் வழக்கறிஞர்கள் முறை வைத்து வருவார்கள். நூலகத்திலோ வெல்ஃபேர் ஆபீஸிலோ பெயர் கொடுத்தால் 30 நிமிடம் இலவசமாகப் பேசலாம். வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை. சிறையில் இருப்பவர்களுக்கும் போனில் அதே 30 நிமிடம் உண்டு. அரை மணி நேரம் கதை சொல்லவே போதாது. ஐ.எஸ்.91ஆர், கடைசி மறுப்புக் கடிதம், பிளேன் டிக்கெட் தேதி வந்திருந்தால் அந்தத் தாள் ஆகியவற்றை நீட்டிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கேஸை எடுப்பீர்களா? பிணை விண்ணப்பத்தை லீகல் எய்ட்டில் போடுவீர்களா? ‘பார்க்கிறேன்’ என்றால் எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முறைக்குத் திரும்பப் பெயர் கொடுக்கலாம்.

காசு வாங்கிக்கொண்டு ‘உள்ளே ஆள் இருக்கிறது, நாளைக்கே எடுத்துவிடுவேன்’ என்று சொல்லும் ஏஜென்டுகள் நம் ஊர்க் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள். குடிவரவு ஆலோசனை தருபவர் சொலிசிட்டராக, பாரிஸ்டராக, அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டியில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்றிருந்த அமைப்புதான் இது. பதிவு இருந்தாலும் எல்லா நிலைக்காரரும் பிணை விசாரணையில் நின்று வாதாட முடியாது, நேரடியாகக் கேளுங்கள்.

வழக்கறிஞர் கிடைக்கவில்லையா, நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. பிட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெயில் ஃபார் இமிக்ரேஷன் டிடெய்னீஸ் என்ற லண்டன் தொண்டு நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. சொந்தமாக விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்டுகிறது, சில கேஸ்களைத் தானே எடுத்து நடத்துகிறது.

இரண்டு வழி

ஒன்று, அடைத்து வைத்த ஹோம் ஆபீஸிடமே கேட்பது. பெயில் 401 என்ற படிவம். விசாரணை இல்லை, தாளைப் பார்த்து முடிவு செய்வார்கள். பெரும்பாலும் மறுப்புத்தான் வரும். மருத்துவ ஆதாரம் பலமாக இருந்தாலோ, இப்போதுதான் அகதி விண்ணப்பம் போட்டிருந்தாலோ இது பலிப்பதுண்டு.

மற்றது முதல்நிலை ட்ரிபியூனல், அதாவது குடிவரவு வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம். பி1 என்ற படிவம். சுதந்திரமான நீதிபதி முன் விசாரணை நடக்கும். முதல் வழிக்குப் பதில் வரும்வரை இதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. இங்கே மூன்று தடைகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்குள் வந்திறங்கியபோதே பிடிபட்டவருக்கு, வந்து 8 நாள் முடியும்வரை ட்ரிபியூனல் பிணை தர முடியாது. நாடுகடத்தும் உத்தரவு போடப்பட்டு, 14 நாளுக்குள் அனுப்பத் தேதியும் குறித்திருந்தால், நீதிபதி பிணை தந்தாலும் ஹோம் ஆபீஸ் சம்மதம் இல்லாமல் வெளியே வர முடியாது. மூன்றாவது 28 நாள் விதி. அதைப் பிறகு பார்ப்போம்.

தொடர்ந்து 4 மாதம் உள்ளே இருப்பவரை ஹோம் ஆபீஸே ட்ரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும். குற்றத் தண்டனைக்குப் பிறகு டிபோர்ட்டேஷன் கேஸில் இருப்பவர்களுக்கு இது இல்லை. இப்படித் தானாக வரும் விசாரணைக்கு ஆயத்தமே இல்லாமல் போய் நின்று மறுப்பு வாங்குவதில் பயனில்லை. 4 மாதம் வரை காத்திருப்பதிலும் அர்த்தமில்லை.

முகவரி

பிணை மறுக்கப்படும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம். வேண்டியவை: வீட்டுக்காரர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட கடிதம், அவர் அங்கே இருப்பதற்கு கவுன்சில் டாக்ஸ் பில் அல்லது கரண்ட் பில், வாடகை வீடென்றால் ஒப்பந்தமும், இன்னொருவரைத் தங்கவைக்க வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதியும். கடிதத்தில் எந்த அறை, அந்த வீட்டில் இன்னும் யார் யார், எத்தனை நாள் தங்கலாம், சாப்பாட்டுச் செலவு யார் பொறுப்பு என்பது வர வேண்டும். ‘எவ்வளவு காலமானாலும்’ என்று எழுதுவது நல்லது. ‘இரண்டு கிழமைக்கு’ என்று எழுதினால் நீதிபதிக்கு உதவாது.

ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்துகொண்டு எட்டாவது ஆளை வரச்சொல்வது நமக்குச் சாதாரணம். ஹோம் ஆபீஸ் அதே வீட்டைச் சரிபார்க்கும்போது ‘இடமில்லை, பொருத்தமில்லாத முகவரி’ என்று எழுதிவிடும். கொஞ்சம் தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் தனி அறை இருந்தால் அதைக் கொடுங்கள். பெண்ணையோ பிள்ளைகளையோ சம்பந்தப்படுத்திய குற்றப் பதிவு இருந்தால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு கூடாது. சிறையிலிருந்து லைசன்ஸில் (தண்டனையின் மீதிக் காலத்தில் கண்காணிப்போடு) வருபவரின் முகவரியை ப்ரொபேஷன் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கே வாரங்கள் ஆகும் என்பதால், பி1 போடுவதற்கு முன்பே அவருக்கு எழுதத் தொடங்குங்கள்.

தங்க இடமே இல்லாதவர் என்றால் ஹோம் ஆபீஸிடம் தங்குமிடம் கேட்கலாம்: அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மறுக்கப்பட்டு விட்டதென்றால் 4ஆம் பிரிவு. இரண்டுக்கும் ஏ.எஸ்.எஃப்.1 படிவம், மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனம் மூலம். இரண்டிலும் வராதவர்களில் மிகச் சிலருக்கு பெயில் 409 படிவத்தில் கேட்கும் இடம். மெதுவாக நகரும் வேலை. விண்ணப்பம் போட்ட நகலையாவது பி1உடன் இணையுங்கள். முகவரி இல்லாத ஒரே காரணத்துக்காக பி1 போடாமல் இருக்க வேண்டாம். ஏன் முகவரி இல்லை என்று எழுதப் படிவத்தில் இடம் உண்டு. தங்குமிடம் ஏற்பாடானதும் விட வேண்டும் என்று நீதிபதி நிபந்தனையோடு பிணை தரவும் முடியும்.

பிணையாளி

சட்டம் இப்போது சொல்லும் பெயர் வேறு என்றாலும், நம்மவர்கள் இன்னும் ‘ஷுவரிட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆள் நிபந்தனையை மீறினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று ஒப்புக்கொள்பவர். முன்கூட்டியே காசு கட்ட வேண்டியதில்லை. கட்டாயமும் இல்லை, ஆனால் முன்பு சைன் பண்ணாமல் விட்டவருக்கோ தலைமறைவானதாகப் பதிவு உள்ளவருக்கோ பிணையாளி இல்லாமல் பிணை கிடைப்பது சிரமம்.

தொகை பெரிதாக இருப்பதால் மட்டும் எடை கூடாது. 600 பவுன் சேமிப்பு உள்ளவர் 500 பவுனைப் பணயம் வைப்பது, 20,000 பவுன் வைத்திருப்பவர் அதே 500ஐச் சொல்வதைவிட வலுவானது. போனால் வலிக்கும் பணமா என்பதைத்தான் நீதிபதி பார்க்கிறார்.

பாஸ்போர்ட் அல்லது விசா ஆதாரம், முகவரி ஆதாரம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டுகள், உறவுக்கான ஆதாரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கணக்கில் விசாரணைக்கு முந்தின வாரம் திடீரென்று 3,000 பவுன் விழுந்திருந்தால், கடன் வாங்கிக் காட்டுகிறார் என்ற சந்தேகம் வந்தே தீரும். சீட்டு எடுத்த காசென்றால் யார் பிடித்த சீட்டு, மாதம் எவ்வளவு கட்டினீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, சீட்டுப் பிடித்தவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். கையில் வாங்கும் சம்பளத்தை நம்பி வருமானம் காட்ட முயலாதீர்கள், பிணையாளிக்கே வம்பாகிவிடும்.

உறவைச் சரியாகச் சொல்லுங்கள். பெரியப்பா மகனை வீட்டில் அண்ணா என்று கூப்பிட்டாலும் படிவத்தில் பெரியப்பா மகன் என்றே எழுத வேண்டும். பழைய அகதி நேர்காணலில் ‘அண்ணன் இல்லை’ என்று சொல்லியிருந்தால், இந்த ஒரு சொல் பொய்யர் பட்டம் கட்டிவிடும்.

பிணையாளி கேஸைத் தெரிந்திருக்க வேண்டும். ‘இவருக்கு எந்தக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது?’, ‘எத்தனை தடவை சைன் பண்ணாமல் விட்டார்?’, ‘வீட்டை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?’ இவை சாதாரணமாக வரும் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு, அன்றே ஹோம் ஆபீஸுக்கும் பொலிஸுக்கும் சொல்வேன் என்பதுதான் பதில். சொல்லத் தயக்கமாக இருந்தால் பிணை நிற்க வேண்டாம். குற்றப் பதிவை மறைத்துப் பிணையாளியைக் கூட்டிவந்து, அவர் முதன்முறையாக அதை விசாரணையிலேயே கேட்டுத் திகைத்து நிற்பதைப் போலக் கேஸைக் கெடுப்பது வேறில்லை.

பி1 எழுதுவது

மொழி என்ற இடத்தில் தமிழ் என்றும், இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் எழுதுங்கள்; ட்ரிபியூனல் செலவில் மொழிபெயர்ப்பாளர் வருவார். காரணங்கள் எழுதும் பகுதியில் ஊரில் நடந்த கதையை நாலு பக்கம் எழுதாமல், எண் போட்ட சின்னப் பத்திகளாக எழுதுங்கள். உதாரணத்துக்கு:

‘1. நான் 2021 மார்ச் முதல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சைன் பண்ணி வந்தேன். தவறியது இரண்டு தடவை. இரண்டாவது தடவைக்கு மருத்துவமனைக் கடிதம் இணைத்திருக்கிறேன். 2. சைன் பண்ணப் போனபோதுதான் என்னைப் பிடித்தார்கள், தலைமறைவாகவில்லை. 3. என் புதிய ஆதாரங்கள் ஹோம் ஆபீஸிடம் நிலுவையில் உள்ளன. முடிவு வரும்வரை என்னை அனுப்ப முடியாது. 4. அவசரப் பயண ஆவணம் இதுவரை வரவில்லை.’

முதல் தவறுதலை மறைக்காமல் எண்ணிக்கையில் காட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஹோம் ஆபீஸிடம் அந்தப் பதிவு இருக்கிறது. நீங்களே சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பிடி கிடைக்காது.

நாலாவது புள்ளி பற்றி ஒரு எச்சரிக்கை. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு அவசரப் பயண ஆவணம் எடுக்க அவரவர் நாட்டுத் தூதரகத்திடம் ஹோம் ஆபீஸ் போகும். எப்போது விண்ணப்பித்தார்கள், பதில் வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் அது ஹர்தியல் சிங் வாதத்துக்கு உரம். ஆனால் படிவம் நிரப்ப மறுப்பது ‘ஒத்துழைக்கவில்லை’ என்று உங்கள் தலையில் விழும். அகதி கேஸ் உயிரோடு இருக்கையில் சொந்தத் தூதரக அதிகாரியைப் பார்க்கச் சொன்னால், முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

படிவத்தையும் ஆதாரங்களையும் வெல்ஃபேர் ஆபீஸ் உதவியோடு ஈமெயிலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம். அனுப்பியதற்கான தாளை வாங்கி வையுங்கள்.

பெயில் சம்மரியும் விசாரணையும்

எதிர்ப்பதாக இருந்தால் ஹோம் ஆபீஸ் தன் காரணங்களை விசாரணைக்கு முந்தின வேலை நாள் பிற்பகல் 2 மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். இதைத்தான் பெயில் சம்மரி என்கிறார்கள். பிந்தி வந்தால் நீதிபதியிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வந்ததும், பத்தி எண்ணைப் போட்டு எதிரே பதில் எழுத வேண்டும். பழைய சம்மரியிலிருந்து அப்படியே ஒட்டிய பத்திகள், வேறொருவரின் தகவல், ஏற்கெனவே ரத்தான பிளேன் தேதி எல்லாம் அதில் கிடைக்கும். ‘விரைவில் அனுப்புவோம்’ என்றிருந்தால் எந்தத் தேதி, எந்த ஆவணத்தில் என்று கேளுங்கள்.

விசாரணை பெரும்பாலும் வீடியோவில். பிணையாளி நேரில் வர வேண்டுமா, இணைப்பில் வரலாமா என்பது விசாரணை அறிவிப்பில் இருக்கும். முதலில் ஹோம் ஆபீஸ் பிரதிநிதி, பிறகு நீங்கள், பிணையாளி. மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் அப்போதே சொல்லுங்கள். விளங்காமல் தலையாட்டியதெல்லாம் ‘ஆம்’ என்று பதிவாகும்.

பிணையாளிக்குத் திடீரென்று வர முடியவில்லை, வீட்டுக்காரர் கடிதம் வரவில்லை என்றால், விசாரணை தொடங்கும் முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். இது புதியவர்களுக்குத் தெரியாத விஷயம். விசாரணை நடந்து மறுக்கப்பட்டால், 28 நாளுக்குள் போடும் அடுத்த விண்ணப்பம், நிலைமையில் முக்கியமான மாற்றம் காட்டாவிட்டால் விசாரணையே இல்லாமல் தள்ளுபடியாகும். திரும்பப் பெற்றால் அந்த 28 நாள் ஓடத் தொடங்காது. புதிய முகவரி, புதிய பிணையாளி, புதிய மருத்துவ அறிக்கை, ரத்தான பயணத் தேதி ஆகியவை மாற்றம் என்று காட்டக்கூடியவை. மறுப்புக்கு எதிராக அப்பீல் கிடையாது. மறுப்பின் எழுத்துமூலக் காரணத்தை வைத்துக்கொண்டு, அதில் சொன்ன ஓட்டையை அடைத்து மறுபடி போடுவதுதான் வழி. தடுப்பே சட்டவிரோதம் என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்தில் ஜுடிசியல் ரிவ்யூ, அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் வழக்கு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

கிடைத்த பிறகு

பெரும்பாலும் அன்றைக்கே விடுவார்கள். மாலையோ இரவோ ஆகலாம். கையில் தரும் பெயில் 201 தாளில் நிபந்தனைகள் இருக்கும்: முகவரி, சைன் பண்ணும் இடமும் நாளும், வேலை செய்யத் தடை. டிபோர்ட்டேஷன் கேஸ்காரருக்கு ஜி.பி.எஸ். டேக் அநேகமாகக் கட்டாயம். காலில் கட்டிய கருவியைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜ் இறங்குவதும் மீறலாகவே பதிவாகும். நியாயமான காரணமில்லாமல் நிபந்தனையை மீறுவது குற்றம். வீடு மாறுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், மாறிய பிறகு சொல்வது போதாது. சைன் பண்ணும் நாளில் காய்ச்சலென்றால் அன்றைக்கே தெரியப்படுத்தி டாக்டர் கடிதம் வாங்குங்கள். பிணை விசா இல்லை. நாடுகடத்தலை அது தடுக்காது. அகதி கேஸை வெளியே இருக்கும்போதே நகர்த்துங்கள்.

அடைத்து வைத்தது சட்டப்படி தவறென்றால் நஷ்டஈடு கேட்கலாம். 2021 அக்டோபரில் படகில், இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவில் கரைசேர்ந்த தமிழர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி தீர்ப்பளித்தார். வேலி போட்ட கூடார முகாம் அது. ‘தடுப்பு’ என்ற பெயரே அதற்கு வைக்கப்படவில்லை. இங்கிலாந்தில் தவறான சிறைவைப்புக்கான சிவில் வழக்குக்கு 6 வருடம், மனித உரிமைச் சட்ட வழக்குக்கு ஒரு வருடம், ஜுடிசியல் ரிவ்யூவுக்கு அதிகபட்சம் 3 மாதம் என்று கெடு உண்டு. ஐ.எஸ்.91ஆர், மாத அறிக்கைகள், ரூல் 35 ரிப்போர்ட், பெயில் சம்மரி எல்லாவற்றையும் வெளியே வரும்போது எடுத்து வந்து ஒரே பைலில் போடுங்கள். விடுபட்டதை, தனிநபர் தரவுக் கோரிக்கை எழுதி, ஹோம் ஆபீஸிடமும் முகாம் மருத்துவப் பிரிவிடமும் தனித்தனியாகக் கட்டணமின்றிக் கேட்டு வாங்கலாம்.